ஆறாம் பதிவேட்டில் இல்லாத பக்கம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் தேதி வியாழக்கிழமை காலை 10.40 மணிக்கு, கும்பகோணத்தில் உள்ள இக்காவல் நிலையத்தில் தானாக ஆஜரான டாக்டர் ஃபிளோரா என்பவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் ஃபிளோரா. வயது 67. காலஞ்சென்ற லியோ என்பவரின் மனைவி. மயிலாடுதுறை மாவட்டம், குத்தாலம், வாய்க்கால்கரைத் தெரு, கதவு எண் 14இல் தனியாக வசித்து வருகிறேன். மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் இயங்கும் காவிரிப் படுகை மருத்துவர் சங்கத்தின் வரலாற்று ஆவணக் காப்பகத்துக்கு 2014 முதல் கௌரவப் பொறுப்பாளராக இருந்தேன். மேற்படி காப்பகத்திலிருந்து பிரசவப் பதிவேடு ஒன்று காணாமல் போனதாகச் சங்கத் தலைவர் டாக்டர் சலாஹுதீன் 1.3.2025 அன்று கொடுத்த புகார் சம்பந்தமாக இதைச் சொல்கிறேன். பதிவேட்டை எடுத்தது நான். சங்க அலுவலக மேலாளர் பக்கீர் முகம்மதுவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் 1984இல் குத்தாலத்தில் என் வீட்டின் கீழ்த்தளத்தில் நர்சிங் ஹோம் ஆரம்பித்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது பெண் டாக்டர் நான் ஒருத்திதான். 1987இல் டாக்டர் ஹமீதா பானு என்னிடம் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் இளையவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். பிரசவம் சிக்கலானால் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது உட்பட எல்லாவற்றையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதன்பிறகு 1990இல் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்தார். திறப்பு விழாவுக்கு நானே போய் ரிப்பன் வெட்டினேன்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்குள் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். நான் கைராசி இல்லாதவள் என்று யாரும் சொன்னதில்லை. நான் கோபக்காரி என்றும், பானு டாக்டர் பொறுமையாகப் பேசுவார் என்றும் சொன்னார்கள். என்னிடம் வேலை பார்த்த ஆயாவே தன் மகளைப் பிரசவத்துக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனாள். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கிளினிக் வாசல் தெரியும். அங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்று நான் தினமும் பார்த்திருக்கிறேன். குறுவை அறுப்பு முடிந்ததும் யார் யார் அவர் வீட்டுக்குப் புது அரிசி கொண்டுபோனார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் கொண்டுவந்தார்கள். அவருக்குக் கொடுத்த பிறகு கொண்டுவந்தார்கள்.

1993ஆம் வருடம் நவம்பர் மாதம் 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக மழை. வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் உடைந்து, சம்பா நட்ட வயல் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. பாலத்தின் மேலும் முழங்கால் அளவு தண்ணீர் போனது. அன்று மாலை நான்கு மணி வாக்கில் என் வீட்டு வாசலுக்கு ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் ஒரு பெண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் கணவர் இறங்கிவந்து கூப்பிட்டார். பெயர் அருள்சாமி என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் மாடி வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து மேலேயிருந்தே பேசினேன்.

"இத்தனை மாசம் எங்க காமிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பானு டாக்டர்ட்டங்க. பாலத்துல தண்ணி போவுது, டிராக்டர் போவாதுங்கறாங்க. வலி கண்டு ரொம்ப நேரமாச்சுங்கம்மா" என்றார்.

"அப்ப அங்கயே போங்க. மெயின் ரோடு வழியா சுத்திப் போலாம்" என்று சொன்னேன்.

அவர் கையைக் கூப்பி இன்னும் ஏதோ சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன். என்னிடம் அன்று வேறு நோயாளி இல்லை. பிரசவ அறை காலியாக இருந்தது, மின்சாரமும் இருந்தது. தார்ப்பாய்க்குள் இருந்த பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெட்டி போட்ட கால். வீங்கியிருந்தது.

மறுநாள் 10ஆம் தேதி காலை ஹமீதா எனக்கு டெலிபோன் செய்தார். "அக்கா, நேத்து சாயங்காலம் ஒரு கேஸ். பொண்ணு பொறந்துச்சு. தாய்க்கு ரத்தம் நிக்கவே இல்ல. மாயவரத்துக்கு அனுப்பிட்டேன், கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாம். உயிர் தப்பிடுச்சு" என்றார். அவர்கள் முதலில் என்னிடம் வந்தார்கள் என்பது பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போன அரை மணி நேரம் அந்தத் தாய்க்கு என்ன செய்திருக்கும் என்பது மருத்துவரான எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு நான் 2013 வரை தொழில் செய்தேன். நர்சிங் ஹோமை மூடியபோது என் பிரசவப் பதிவேடுகளில் பெரும்பகுதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். அவற்றில் பெயர், தேதி, எடை தவிர வேறு எதுவும் இருக்காது. அடுத்த வருடம் சங்கத்தின் பொதுக்குழுவில், பழைய ஆவணங்களை யாராவது எடுத்து ஒழுங்கு செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

சங்கம் தொண்ணூறு வருடத்துக்குப் பக்கமாக நடந்துவருகிறது. ஆனால் மாடியறையில் இருந்தது இரண்டு துருப்பிடித்த அலமாரியும் எலி எச்சமும்தான். நான் வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வந்து அதைச் சுத்தம் செய்தேன். பழைய உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனேன். தாராசுரத்தில் ஒரு டாக்டரின் பேரன் வீட்டில் 1941ஆம் வருடத்துத் தீர்மானப் புத்தகம் கிரைண்டருக்கு அடியில் அண்டக் கொடுத்திருந்தது. வேறு பலகை வாங்கிக் கொடுத்து அதை எடுத்துவந்தேன். சுவாமிமலையில் ஒரு வீட்டில் காலரா ஊசி போட்ட கிராமங்களின் பட்டியல் பரண் மேல் கிடந்தது. சுற்றறிக்கைகள், கடிதங்கள், ஆண்டு மாநாட்டுப் புகைப்படங்கள் என்று 1,146 உருப்படிகளுக்கும் பென்சிலால் எண் போட்டது நான்தான். இந்தப் பதினொரு வருடத்தில் அந்த அறைக்கு வந்து பார்த்த டாக்டர்களை விரல் விட்டு எண்ணலாம். பக்கீர் முகம்மதுதான் எனக்கு ஏணி பிடிப்பார். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடமும் ஒன்று என்னிடமும் இருந்தன.

2024 ஜனவரியில் ஹமீதா தன் கிளினிக்கை மூடினார். அவருடைய பிரசவப் பதிவேடுகள் பதினான்கையும் துணியில் கட்டி, காப்பகத்துக்குக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "அக்கா, இதுக்கு எடம் இருந்தா வைங்க. இல்லன்னா எடைக்குப் போட்டுடலாம்" என்றார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு வாரம் அவற்றைத் திறக்கவில்லை.

திறந்தபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் எதிரே ஓரத்தில் அவர் தமிழில் ஓரிரு வரி எழுதியிருப்பதைக் கண்டேன். தாய் எப்படி வந்தாள், யார் கூட வந்தது, என்ன சொன்னாள் என்று எழுதியிருந்தது. 'கட்டிலோடு தூக்கி வந்தார்கள், நாலு பேரும் நாற்று நடும் ஆட்கள், காலில் சேறு காயவில்லை' என்று ஒன்று. 'பெண் என்றதும் மாமியார் வெளியே போனாள், பிறகு வெந்நீரோடு வந்தாள்' என்று ஒன்று. ஆறாயிரத்துச் சொச்சம் பிரசவம். நான் பார்த்தது ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒரு வரி நான் எழுதவில்லை.

நான் அவற்றை யாருக்கும் காட்டாமலே வைத்திருந்தேன். ஆனால் கடந்த டிசம்பரில் தலைவர் சலாஹுதீன் தற்செயலாக மேலே வந்து ஒன்றை எடுத்துப் புரட்டினார். நின்றபடியே அரை மணி நேரம் படித்தார். அதன்பிறகு டாக்டர்கள் வர ஆரம்பித்தார்கள். என் பதினொரு வருடத்தில் வராதவர்கள் ஒரு மாதத்தில் வந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி கண்காட்சி வைப்பதென்றும், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹமீதாவின் பதிவேட்டைத் திறந்து வைப்பதென்றும், அந்தப் பகுதிக்கு அவர் பெயரையே வைப்பதென்றும் குழுவில் முடிவு செய்தார்கள். நோயாளிகளின் பெயர் வெளியே தெரிவது முறையல்ல என்று நான் ஆட்சேபித்தேன். அந்த ஆட்சேபம் சரியானதுதான். ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் வேறு. பெயர்களைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னிடம், "மேடம், ஒவ்வொரு பொருளுக்கும் கீழ விவரச் சீட்டு நீங்கதான் எழுதணும். உங்க கையெழுத்து மாதிரி யாருக்கு வரும்?" என்றார். சரி என்றேன். ஹமீதாவின் பெயரைப் பெரிய எழுத்தில் மூன்று அட்டையில் எழுதினேன்.

22.2.2025 சனிக்கிழமை மதியம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நல்ல பக்கம் தேடி ஆறாம் எண் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் வரிசை எண் 212இல் பின்வருமாறு எழுதியிருந்தது. அதைப் பலமுறை படித்துவிட்டதால் வரிக்கு வரி எனக்கு நினைவிருக்கிறது.

'9.11.93. மாலை 6.20. சவரியம்மாள், 25, க/பெ அருள்சாமி. இரண்டாம் பேறு. பெண். 2.4 கிலோ. ஐந்து நிமிடம் கழித்தே அழுதது. தாய்க்கு ரத்தப்போக்கு, மாயவரம் அனுப்பினேன். பாலத்தில் தண்ணீர் என்பதால் முதலில் ஃபிளோரா அக்காவிடம் போயிருக்கிறார்கள். அக்காவுக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியாமல் இங்கே அனுப்பிவிட்டார்.'

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. அப்படி நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

அவர் என்னைக் குற்றம் சொல்லி எழுதியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும், அவ்வளவுதான். அவர் என்னைக் காப்பாற்றி எழுதியிருந்தார். முப்பத்தொரு வருடம் முன்பு, கை நிறைய ரத்தத்தோடு நின்ற ஒரு மாலையில், அதற்கும் அவருக்கு மனம் இருந்திருக்கிறது. அதைப் படித்த நிமிடம் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. பக்கீர் முகம்மது அப்போது தொழுகைக்குப் போயிருந்தார். பதிவேட்டை என் துணிப்பையில் வைத்து, மேலே குடையை வைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் குத்தாலம் வந்துவிட்டேன்.

24ஆம் தேதி திங்கட்கிழமை காப்பகத்தில் இருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். பெயர் இசைவாணி என்றும், மாயவரத்தில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்ப்பதாகவும் சொன்னார்.

"மேடம், பானு டாக்டர் அனுப்புனாங்க. நான் அவங்க கிளினிக்ல பொறந்தேன். அந்த வெள்ளத்துல எங்கப்பா பொறப்பப் பதியவே இல்ல. ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரா ஒரு தேதி போட்டுட்டாரு, ஒன்றரை வருசம் கூட. இப்ப கவர்மென்ட் நர்ஸ் வேலைக்கு அந்தத் தேதிப்படி வயசு தாண்டிடுச்சுங்கறாங்க. கோட்டாட்சியர் ஆபீஸ்ல மார்ச் பன்னெண்டு விசாரணை. ஆறாம் நம்பர் நோட்டுல இருக்குதாம். ஒரு நகல் எடுத்து முத்திரை போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். சவரியம்மாள் என்றார்.

நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். பதிமூன்று பதிவேடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எண்களை அவரையே பார்க்கச் சொன்னேன். "அது ஒண்ணு மட்டும் காணுமேம்மா" என்றேன். அவர் நான் தேடுவதற்கு உதவியாகத் தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டு முழுவதையும் பார்த்தார். சேலையில் தூசி படிந்தது. போகும்போது, "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன் மேடம்" என்று சொன்னார்.

அதன்பிறகு நான் வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். காப்பகத்தில் திரும்ப வைத்து அந்தப் பெண்ணுக்கு நகல் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஆனால் இனி அந்தப் பக்கத்தை அந்தப் பெண் படிப்பாள், கோட்டாட்சியர் படிப்பார், நகல் எடுக்கும் பக்கீர் முகம்மது படிப்பார், படித்த ஒவ்வொருவரும் ஹமீதாவைப் புகழ்வார்கள் என்று நினைத்தேன். பக்கத்தைக் கிழித்தேன். தெரிந்தே கிழித்தேன். குளியலறையில் வாளித் தண்ணீரில் போட்டுப் பேனா மை கரையும்வரை நின்று, பிசைந்து, ஊற்றிவிட்டேன். அப்போது மாலை ஐந்து மணி. பதிவேட்டைப் பீரோவில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஹமீதா என் வீட்டுக்கு வந்தார். நோட்டு காணாமல் போனது பற்றி இசைவாணி சொல்லித் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, அந்த நோட்டுல உங்களப் பத்தி நான் ஒரு வரி எழுதியிருக்கேன். அது பொய். என்னைக்காவது உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

என்ன வரி என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். சொன்னார்.

"நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அருள்சாமி அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏன் அப்படி எழுதின?"

"ஆயுதம் போடக் கத்துக்குடுத்தது நீங்க. அன்னைக்கு அதாலதான் அந்தப் புள்ளய எடுத்தேன். எழுதறப்ப வேற மாதிரி எழுத கை வரல" என்றார்.

பீரோ அடுத்த அறையில் இருந்தது. எழுந்து பத்து எட்டு வைத்தால் போதும். நான் எழவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். அவர் போன பிறகு, என்னைவிட அவர் நல்ல டாக்டர் என்பதோடு, நான் கற்றுக்கொடுத்ததையும் அவர் மறக்காதவர் என்பதை நினைத்து நினைத்து அன்று இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் தலைவர் இங்கே புகார் கொடுத்தார். புகார் மனுவில் சாட்சியாக என் கையெழுத்தும் இருக்கிறது. நான் போட்டேன். சாவி யார் யாரிடம் இருக்கும் என்று கேட்டதற்கு, "என்கிட்ட ஒண்ணு, பக்கீர்கிட்ட ஒண்ணு" என்று சொன்னேன். அது உண்மைதான். அதை வைத்து 3ஆம் தேதியும் 4ஆம் தேதியும் பக்கீர் முகம்மதுவை விசாரணைக்கு இங்கே வரவழைத்தீர்கள்.

4ஆம் தேதி காலை பக்கீர் முகம்மதுவின் மனைவி ஜன்னத் பீவி, கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து ரெண்டாம் நோன்பும்மா. ஸ்டேஷன் குழாயில தண்ணி புடிச்சுக் குடிச்சுத்தான் நோன்பு தொறந்துருக்காரு. இருவத்திரண்டு வருசத்துல ஒரு பென்சில் எடுத்துட்டு வந்ததில்ல. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாதாம்மா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா உட்டுடுவாங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அன்று முழுவதும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் அவரை மாலை வரை இங்கே வைத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

5ஆம் தேதி சாம்பல் புதன், பாவத்துக்கு வருந்தி நாங்கள் தவக்காலம் ஆரம்பிக்கும் நாள். காலைப் பூசைக்குப் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் பீரோவிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு ஹமீதாவுக்குப் போன் செய்தேன்.

"நோட்டு என்கிட்டதான் இருக்கு. நான்தான் எடுத்தேன். அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டேன். இப்ப அது இல்ல" என்று சொன்னேன்.

அவர், "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லணும்க்கா. கார எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

அதன்பிறகு அவருடைய காரில் இருவரும் சவரியம்மாள் இருக்கும் ஊருக்குப் போனோம். குத்தாலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். அருள்சாமி ஆறு வருடம் முன்பே காலமாகிவிட்டார். சவரியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். இசைவாணி இரவு டியூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். 1993ஆம் வருடம் மாடியிலிருந்து நான் சொன்ன வார்த்தைகளையும் சொன்னேன். சவரியம்மாள் முறத்தில் இருந்த உளுந்தை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எனக்கு அப்ப ஒண்ணும் காதுல வுழல. அவரும் சாவற வரைக்கும் சொல்லல" என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். நாங்கள் புறப்படும்வரை திரும்பி வரவில்லை.

நான் இசைவாணியிடம் மன்னிக்கும்படி கேட்டேன்.

"அம்மாவுக்குச் செஞ்சத அம்மாகிட்ட கேளுங்க. நான் அன்னைக்கித் தரையில உக்காந்து தேடுனேன். நீங்க நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

ஹமீதா ஏதோ சொல்ல வந்தார். இசைவாணி அவரைப் பேசவிடவில்லை. "டாக்டர், நீங்க சும்மா இருங்க. இவங்களுக்காக நீங்க ஏற்கனவே ஒண்ணு எழுதிட்டீங்க" என்றார். அதன்பிறகு என்னிடம், "பேப்பர் போச்சு. டாக்டர் வாயால சொன்னா மட்டும் பத்தாது, எழுத்துல வேணுங்கறாங்க. பன்னெண்டாந்தேதி நான் எதக் காட்டுவேன்? நீங்க இங்க சொன்னது எனக்கு ஒதவாது. ஸ்டேஷன்ல போயி சொல்லுங்க. எங்கம்மா உங்க வாசலுக்கு வந்த தேதியச் சொல்லுங்க, நேரத்தச் சொல்லுங்க, நீங்க என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது இருந்தா நான் அங்க காட்டிக்கிறேன்" என்றார்.

அதன்படி இன்று காலை இங்கே வந்தேன். 212ஆம் எண் பதிவு இருந்த பக்கம் இல்லாத ஆறாம் எண் பதிவேட்டை ஆய்வாளரிடம் ஒப்படைத்தேன். கிழித்த இடத்தில் நூலோடு ஒரு விரற்கடை தாள் மிச்சம் இருக்கிறது, அதைக் காட்டினேன். பக்கீர் முகம்மது இனி வர வேண்டியதில்லை என்று ஆய்வாளர் என் முன்னால் அவருக்குப் போன் செய்து சொன்னார். என் சாவியைத் தலைவரிடம் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். கண்காட்சியைத் தள்ளி வைத்திருப்பதாக மட்டும் அவர் சொன்னார்.

பிறப்பு சம்பந்தமாகத் தனியாகவும் தெளிவாகவும் சொல்லிக்கொள்கிறேன். அருள்சாமியின் மனைவி சவரியம்மாள் 9.11.1993 செவ்வாய்க்கிழமை மாலை சுமார் நான்கு மணிக்குப் பிரசவ வலியோடு என் வாசலுக்குக் கொண்டுவரப்பட்டார். நான் ஆரோக்கியமாக இருந்தும் பார்க்க மறுத்தேன். மறுநாள் காலை, முந்தைய மாலை பெண் குழந்தை பிறந்தது என்று டாக்டர் ஹமீதா பானு என்னிடம் போனில் சொன்னார். பதிவேட்டில் நேரம் 6.20 என்று இருந்ததை நானே படித்தேன். அந்தப் பதிவில் என் காய்ச்சல் பற்றிய வரி தவிர மற்ற எல்லாம் சரியானவை. இதன் நகலைக் கோட்டாட்சியருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். 12ஆம் தேதி நேரில் வந்தும் சொல்வேன். பதிவேட்டை எடுத்ததற்கும் கிழித்ததற்கும் என் மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் சம்மதம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஹமீதா வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறார். நோன்பு இருக்கிறார். இங்கே வேலை பார்க்கும் பெண் காவலர் ஒருவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் உடம்புக்கு ஏதோ யோசனை கேட்டுக்கொண்டிருப்பது இங்கிருந்து தெரிகிறது. ஒரு மணி நேரமாக நானும் டாக்டர் என்று சொல்லிக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் அவரிடம்தான் போனார். எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். ஏன் எடுத்தாய் என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை என்பதால், இதையும் சேர்த்து எழுதும்படி வற்புறுத்தினேன். எழுதப்பட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடந்தது இதுவே. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல், என் நினைவுக்கு எட்டிய உண்மையைச் சொல்லிக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஃபிளோரா
6.3.2025